புரோகிராமிலிருந்து கெர்னல் அமைப்புகளைப் படிப்பதும் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரவணம்பட்டி அலுவலகங்களில் சர்வர் பார்ப்பவர்கள், திருப்பூர் சாயப்பட்டறைகளில் மீட்டர் கணக்கை அனுப்பும் சின்ன லினக்ஸ் பெட்டிகளைப் பராமரிப்பவர்கள், பீளமேடு பக்கம் கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் படிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன், கணினியில் தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

கெர்னல் அமைப்புன்னு எதைங்க சொல்றீங்க?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் பார்க்கவும் மாற்றவும் அது திறந்து வைத்திருக்கும் மதிப்புகளை. நினைவகம் நெருக்கடியாகும்போது எவ்வளவு தூரம் ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்குப் பதிலாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) போகலாம், ஒரு போர்ட்டில் எத்தனை இணைப்புகள் வரிசையில் காத்திருக்கலாம், ஒரு நெட்வொர்க் கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தலாமா கூடாதா, இந்த மாதிரி. லினக்ஸில் இவை /ப்ராக்/சிஸ் என்ற அடைவுக்குள் கோப்புகளாகத் தெரியும். விஎம், நெட், கெர்னல், எஃப்எஸ் என்று பிரிவுகள் இருக்கும். விஎம்.ஸ்வாப்பினஸ் என்று புள்ளி வைத்துச் சொன்னாலும் /ப்ராக்/சிஸ்/விஎம்/ஸ்வாப்பினஸ் என்று கோப்பாகச் சொன்னாலும் ஒன்றுதான்.

ஒரு புரோகிராமுக்கு மட்டும் உள்ள வரம்புகள் வேறு. ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்பதை கெட்ஆர்லிமிட், செட்ஆர்லிமிட் என்ற அழைப்புகள் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "கோப்பு அதிகமாகத் திறந்துவிட்டது" என்ற பிழைக்கு எஃப்எஸ்.ஃபைல்-மேக்ஸ் (முழுக் கணினிக்குமான கோப்பு வரம்பு) மதிப்பை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அங்கே தடுப்பது அந்த புராசஸின் சொந்த வரம்புதான்.

புரோகிராமிலிருந்து படிக்கிறது எப்படிங்க?

சாதாரணக் கோப்பு மாதிரி திறந்து படியுங்கள். சி, பைத்தான், கோ எதுவானாலும் தனி லைப்ரரி வேண்டாம், பெரும்பாலானவற்றுக்கு ரூட் (முழு நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. இந்தக் கோப்புகளின் அளவைக் கேட்டால் 0 என்றுதான் பதில் வரும், ஏனென்றால் உள்ளடக்கம் நீங்கள் படிக்கும் அந்தக் கணத்தில்தான் உருவாகிறது. ஆகவே அளவைக் கேட்டு அதற்கேற்ப நினைவகம் ஒதுக்கும் நிரல் வெறும் காலியைப் படித்துவிட்டு வந்து நிற்கும். முடிவு வரும்வரை படியுங்கள். வருவது எழுத்து வடிவம், கடைசியில் ஒரு புதுவரி ஒட்டியிருக்கும். டிசிபி_ஆர்மெம் (இணைப்பில் வரும் தரவுக்கான நினைவக அளவு) போன்றவற்றில் மூன்று எண்கள் டேப் இடைவெளியோடு இருக்கும். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "இதுதான் மதிப்பு" என்று போய்விடாதீர்கள்.

அலகும் கோப்புக்குக் கோப்பு மாறும். டிசிபி_ஆர்மெம் பைட்டில், பக்கத்திலேயே இருக்கும் டிசிபி_மெம் நினைவகப் பக்கங்களில் (வழக்கமான கணினியில் ஒரு பக்கம் 4096 பைட்). டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸ் வினாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில், மதிப்பு 500 என்றால் 5 வினாடி. கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. கெர்னலோடு வரும் ஆவணத்தைப் பார்க்காமல் எண்ணை நம்பக்கூடாது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் /ப்ராக்/சிஸ் வரை போக வேண்டியதில்லை. எத்தனை சிபியு, பக்க அளவு எவ்வளவு என்பதற்கு சிஸ்கான்ஃப் இருக்கிறது, கணினிப் பெயருக்கு கெட்ஹோஸ்ட்நேம் இருக்கிறது. அவை மற்ற யூனிக்ஸ்களிலும் ஓடும்.

பழைய பாடப்புத்தகத்துல சிஸ்சிடிஎல்னு ஒரு சிஸ்டம் கால் போட்டிருக்கு, கம்பைலே ஆகலீங்களே?

ஆகாதுங்க. லினக்ஸில் அந்த சிஸ்டம் காலை (புரோகிராம் கெர்னலை நேரடியாக அழைக்கும் வழி) வெகுகாலமாகவே பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவந்தார்கள், 5.5 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். 2020-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.32 பதிப்பிலிருந்து அந்த ஃபங்ஷனும் போய்விட்டது. சிஸ்சிடிஎல் என்ற கட்டளை மட்டும் இருக்கிறது, அதுவும் உள்ளுக்குள் /ப்ராக்/சிஸ் கோப்புகளைத்தான் திறக்கிறது. இதே பெயரில் பிஎஸ்டி, மேக் இரண்டிலும் உள்ள ஃபங்ஷன் உயிரோடுதான் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம்.

எழுதுறது? எழுதினேன், பிழை எதுவும் வரல, ஆனா மதிப்பு மாறலீங்க.

இதுதான் எல்லோரும் தடுக்கிவிழும் இடம். சி மொழியில் எஃப்ஓப்பன் போட்டு எஃப்பிரின்ட்எஃப் மூலம் எழுதினால் அந்த எழுத்து முதலில் உங்கள் புரோகிராமின் இடையகத்தில்தான் (பஃபர்) விழுகிறது. கெர்னலுக்குப் போவது எஃப்குளோஸ் செய்யும்போது. கெர்னல் "இந்த மதிப்பு செல்லாது" என்று மறுப்பதும் அப்போதுதான். நம் ஆட்கள் எஃப்பிரின்ட்எஃப் திருப்பித் தரும் மதிப்பைப் பார்ப்பார்கள், எஃப்குளோஸ் தருவதைப் பார்க்க மாட்டார்கள், பிழை அங்கேயே காணாமல் போய்விடும். பைத்தானிலும் பிழை எழுதும் வரியில் வராமல் கோப்பை மூடும் இடத்தில் வரும், ஆனால் அது எக்செப்ஷனாக வருவதால் தப்பிக்க முடியாது, அது நல்லதுதான்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். இடையகம் இல்லாத ஓப்பன், ரைட் இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்துவேன், முழு மதிப்பையும் ஒரே ரைட்டில் கொடுப்பேன், அப்புறம் கோப்பை மறுபடி திறந்து படித்து நாம் கொடுத்ததுதான் உள்ளே இருக்கிறதா என்று ஒப்பிடுவேன். ஒரே ரைட்டில் என்பது முக்கியம். எண் மதிப்புகளைக் கோப்பின் தொடக்கத்திலிருந்து ஒரே வீச்சில் எழுத வேண்டும் என்று இப்போதைய கெர்னல்கள் இயல்பாகவே எதிர்பார்க்கின்றன. பாதி எண்ணை ஒரு ரைட்டிலும் மீதியை அடுத்ததிலும் கொடுத்தால் இரண்டாவது பாதி ஒட்டாது.

சுடோ போட்டு எக்கோ பண்ணினாலும் அனுமதி இல்லைங்குதே?

ரூட்டாக ஓட்டச் சொல்லும் சுடோ, எக்கோவுக்கு மட்டும்தான் போய்ச் சேர்கிறது. கோப்புக்குத் திருப்பிவிடும் அம்புக்குறி வேலையை உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) செய்கிறது, அந்த ஷெல் ரூட் இல்லை. டீ கட்டளைக்கு சுடோ போடுங்கள், இல்லையென்றால் சிஸ்சிடிஎல் -டபிள்யூ.

நான் ரூட்டாத்தான் ஓட்டுறேன். அப்பவும் எழுத முடியலீங்க, ஏன்?

பிழை எண்ணை முதலில் பாருங்கள், அதைப் பார்க்காமல் யூகித்தால் நாள் போய்விடும். ஈஆர்ஓஎஃப்எஸ் என்று வந்தால் /ப்ராக்/சிஸ் படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆகியிருக்கிறது. கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்றவை உருவாக்கும் தனித்த ஓட்டச் சூழல்) இருப்பீர்கள், அல்லது உங்கள் சர்வீஸ் கோப்பில் புரொடெக்ட்கெர்னல்டியூனபிள்ஸ் என்ற சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) விருப்பத்தை யாரோ போட்டிருப்பார்கள். கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சர்வீஸாக ஓட்டினால் செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான், அதை நீக்கும் முன் ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள். ஈஇன்வால் என்றால் மதிப்பு அனுமதித்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஈநோஎன்ட் என்றால் அந்தக் கோப்பே இல்லை.

கோப்பு இல்லாததற்கும் காரணம் உண்டு. என்எஃப்_கான்டிராக்_மேக்ஸ் போன்றவை அவற்றுக்குரிய கெர்னல் மாட்யூல் (தேவைப்படும்போது சேர்க்கும் கெர்னல் பகுதி) ஏறிய பிறகுதான் தோன்றும். பூட் ஆகும்போது அமைப்புக் கோப்பு முதலில் படிக்கப்பட்டு மாட்யூல் பின்னால் ஏறினால் உங்கள் வரி வீணாகிவிடும். மாட்யூலை முன்கூட்டியே ஏற்ற /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் அதன் பெயரை எழுதி வையுங்கள். விலேன் (ஒரே நெட்வொர்க்கில் பிரித்த தனி நெட்வொர்க்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: இடைமுகத்தின் பெயரே ஈத்0.100 என்று புள்ளியோடு இருக்கும், புள்ளியால் பிரித்து எழுதினால் கட்டளை குழம்பும். அந்த இடத்தில் சாய்கோட்டால் பிரித்து எழுதலாம்.

கரண்ட் போய் வந்தா பழைய மதிப்புக்கே போயிடுதுங்களே?

ஆமாம், எழுதியது நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் யூபிஎஸ் இல்லாத பெட்டி அணைந்து எழும்போது எல்லாம் இயல்பு நிலைக்கு வந்துவிடும். நிலையாக வேண்டும் என்றால் /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு போடுங்கள், பெயர், சமக்குறி, மதிப்பு. கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும், ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படித்ததே நிற்கும், அதனால்தான் பெயரின் முன்னால் 10, 60, 99 என்று எண் போடுவது. பூட் ஆகாமலே சோதிக்க சிஸ்சிடிஎல் --சிஸ்டம். பழைய வழக்கப்படி /இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் எழுதி வைத்திருப்பவர்கள் டெபியன் 13-க்கு மாறும்போது கவனியுங்கள், அங்கே சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை.

அப்போ என் புரோகிராமே தொடங்கும்போது தேவையான மதிப்பை எழுதிக்கலாமுங்களா? வாடிக்கையாளருக்கு வேலை மிச்சம்தானே.

வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கெர்னல் அமைப்பு உங்கள் புரோகிராமுக்கு மட்டும் சொந்தமானதல்ல, அந்தக் கணினியில் ஓடும் எல்லாவற்றுக்கும் பொது. கீழ்பவானி வாய்க்காலில் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று ஒருவர் தன் மடையைச் சரிசெய்யாமல் தலைமதகையே ஏற்றிவிட்டால் கடைமடைக்காரர் என்ன ஆவார்? அவருக்கு ஏன் தண்ணீர் நின்றது என்றுகூடத் தெரியாது. அதே கணினியில் டேட்டாபேஸ் ஓட்டுபவர் நிலையும் அதுதான். அவர் அளந்து வைத்த ஸ்வாப்பினஸ் மதிப்பு உங்கள் மென்பொருளை நிறுவிய அன்று மாறியிருக்கும், எந்தப் பதிவிலும் தடம் இருக்காது.

இன்னொரு காரணம், எழுத வேண்டுமென்றால் உங்கள் புரோகிராம் ரூட்டாக ஓட வேண்டும். ஒரே ஒரு எண்ணுக்காக, இணையத்திலிருந்து தகவல் வாங்கும் மென்பொருளை முழு அதிகாரத்தோடு ஓட்டுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

சரி, வேறு என்ன செய்வது? படியுங்கள், போதவில்லை என்றால் தெளிவாகச் சொல்லுங்கள். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் அப்படித்தான் செய்கிறது: தொடங்கும்போது ஓவர்கமிட்_மெமரி (இருப்பதைவிட அதிக நினைவகம் தர ஒப்புக்கொள்ளலாமா என்பது), சோமேக்ஸ்கான் (காத்திருக்கும் இணைப்பு வரிசையின் உச்ச அளவு) இரண்டையும் படித்து, பொருந்தாவிட்டால் என்ன மதிப்பு வேண்டும் என்று பதிவில் எச்சரிக்கை எழுதும், தானாக மாற்றாது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இன்னும் கறார், வெளி நெட்வொர்க்குக்குத் திறந்து ஓட்டும்போது மேக்ஸ்_மேப்_கவுண்ட் (ஒரு புராசஸ் வைத்திருக்கக்கூடிய நினைவகப் பகுதிகளின் எண்ணிக்கை) குறைவாக இருந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். வெகுகாலமாக அது கேட்டுவந்த அளவு 262144, கெர்னலின் வழக்கமான இயல்பு 65530. கோ மொழியின் நெட் லைப்ரரி சோமேக்ஸ்கானைப் படித்து அந்த அளவுக்கே தன் வரிசையை வைத்துக்கொள்கிறது, யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மூன்றுமே மரியாதையான வழிகள். மாற்றத்தை நிர்வாகி தன் கையால் சிஸ்சிடிஎல்.டி கோப்பில் எழுதட்டும், அப்போதுதான் ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் அது கண்ணில் படும்.

பெட்டியே உங்களுடையது, அதில் உங்கள் மென்பொருள் மட்டும்தான் ஓடுகிறது என்றால் கதை வேறு. அப்போதும் நிறுவும்போது ஒரு .கான்ஃப் கோப்பாக வைத்துவிடுவது, ஓடும்போது எழுதுவதைவிட நல்லது.

சிம் கார்டு வழியா சர்வருக்குப் போற இணைப்பு அடிக்கடி செத்துப்போகுது. கீப்அலைவ் நேரத்தைக் குறைச்சும் சரியாகலீங்க.

திருப்பூர், சோமனூர் பக்கம் இந்தக் கேள்விதான் அதிகம். மொபைல் நெட்வொர்க் நடுவே உள்ள முகவரி மாற்றும் கருவி, கொஞ்ச நேரம் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடுகிறது. பெட்டிக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது, இருவரும் இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். கீப்அலைவ் என்பது எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிப்பது. லினக்ஸின் இயல்பு மதிப்பில் டிசிபி_கீப்அலைவ்_டைம் 7200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் முதல் விசாரிப்பே போகும். அதற்குப் பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 விசாரிப்பு, ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் இணைப்பு முடிந்தது என்று அறிவிக்கும். மொத்தம் 7875 வினாடி, இரண்டே கால் மணிக்குக் கிட்டத்தில். சாயப்பட்டறை மீட்டருக்கு அது ரொம்ப அதிகம்.

அந்த மதிப்பைக் குறைத்தும் சரியாகவில்லை என்றால் காரணம் இது: கீப்அலைவ் வேண்டும் என்று சாக்கெட்டில் (புரோகிராம் பக்கம் உள்ள இணைப்பின் முனை) எஸ்ஓ_கீப்அலைவ் விருப்பத்தை இயக்கிய இணைப்புகளுக்கு மட்டும்தான் அந்த எண்கள் பொருந்தும். உங்கள் நிரல் இயக்கவில்லை என்றால் கெர்னலில் எதை எழுதினாலும் பயனில்லை. இயக்கிவிட்டீர்கள் என்றால் கெர்னல் அமைப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் டிசிபி_கீப்ஐடில், டிசிபி_கீப்இன்டிவிஎல், டிசிபி_கீப்சிஎன்டி என்ற மூன்று சாக்கெட் விருப்பங்களால் உங்கள் இணைப்புக்கு மட்டும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ரூட் வேண்டாம், மற்றவர் இணைப்பில் மாற்றம் இல்லை, கரண்ட் போய் வந்தாலும் நிரலோடு திரும்ப வரும். எந்தக் கெர்னல் அமைப்பை மாற்ற நினைத்தாலும், இதே வேலையை என் சாக்கெட்டுக்கோ என் புராசஸுக்கோ மட்டும் செய்ய வழி உண்டா என்று முதலில் தேடுங்கள். பல நேரம் இருக்கும்.

சோமேக்ஸ்கானை ஏத்தினேன், கூட்டம் வந்தா இன்னமும் இணைப்பு மறுக்குதுங்க.

இணைப்புகளை ஏற்கத் தயாராக சர்வர் செய்யும் லிசன் அழைப்பில் நீங்கள் கொடுக்கும் எண், சோமேக்ஸ்கான், இரண்டில் எது சிறியதோ அதுதான் வரிசையின் நீளம். லினக்ஸில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இயல்பாக 511 கேட்கும், அதை மாற்றாமல் கெர்னலில் 65535 வைத்தாலும் 511தான். இரண்டையும் ஏற்றியபின் சர்வரை மறுபடி தொடங்குங்கள், ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட் தானாக வளராது. சோமேக்ஸ்கானின் இயல்பு மதிப்பு வெகுகாலம் 128 ஆக இருந்து 5.4 பதிப்பில் 4096 ஆனது, ஆகவே பழைய பதிவுகளில் எழுதியிருக்கும் அறிவுரை இன்று தேவைப்படாமலும் இருக்கலாம்.

டிஸ்க்ல இடம் இருக்கு, ஆனா இடமில்லைன்னு பிழை வருது. இதுவும் கெர்னல் அமைப்பாங்க?

கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் கருவி ஏதாவது ஓடுகிறதா? ஐநோட்டிஃபை கவனிப்புகளின் எண்ணிக்கை தீர்ந்துபோனாலும் கெர்னல் அதே ஈநோஎஸ்பிசி பிழையைத்தான் தருகிறது. எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் மதிப்பைப் பாருங்கள். முன்பு 8192, 5.11 பதிப்பிலிருந்து கணினியின் நினைவகத்தைப் பொறுத்து அமையும்.

கன்டெய்னருக்குள்ள ஓட்டும்போது எது பொருந்தும்?

நெட் பிரிவில் பெரும்பாலானவை ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் சூழல்) தனி. ஹோஸ்ட்டில் (கன்டெய்னர் ஓடும் கணினி) சோமேக்ஸ்கானை ஏற்றிவிட்டு கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் இயல்பு மதிப்பே இருக்கும், டாக்கரைத் தொடங்கும்போது --சிஸ்சிடிஎல் விருப்பத்தோடு கொடுக்க வேண்டும். விஎம் பிரிவு அப்படியல்ல, முழுக் கணினிக்கும் ஒன்றே, டாக்கர் அதை அந்த விருப்பத்தில் ஏற்காது, ஹோஸ்ட்டில்தான் மாற்ற முடியும். வாடகை சர்வரில் ஹோஸ்ட் உங்கள் கையில் இல்லை என்றால் அதைத் தருபவரிடம்தான் கேட்க வேண்டும்.

மேக், ஃப்ரீபிஎஸ்டி இரண்டுலயும் எப்படிங்க?

அங்கே சிஸ்சிடிஎல்பைநேம் ஃபங்ஷன். பெயர், பழைய மதிப்பை வாங்கும் இடம், அதன் அளவு, புதிய மதிப்பு, அதன் அளவு என்று ஐந்து கொடுக்க வேண்டும், படிக்க மட்டும் என்றால் கடைசி இரண்டும் வெறுமை. வருவது எழுத்தல்ல, நேரடி இரும எண், ஆகவே வகை தெரிந்திருக்க வேண்டும். மேக்கில் ஹெச்டபிள்யூ.மெம்சைஸ் 64 பிட், அதற்கு 32 பிட் மாறியைக் கொடுத்தால் பிழைதான் வரும். நீளம் தெரியாதவற்றுக்கு முதல் அழைப்பில் இடத்தை வெறுமையாகக் கொடுத்து அளவை மட்டும் வாங்குங்கள், பிறகு ஒதுக்கிக்கொண்டு மறுபடி அழையுங்கள். புராசஸ் பட்டியல் போன்றவை இரண்டு அழைப்புக்கும் நடுவே வளர்ந்துவிடும், அப்போது ஈநோமெம் வரும், கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி மீண்டும் முயலும் ஒரு சுற்று நிரலில் இருக்கட்டும். ஓப்பன்பிஎஸ்டியில் பெயரால் அழைக்கும் வசதி இல்லை, எண் வரிசை கொடுத்துத்தான் அழைக்க வேண்டும்.

ஒண்ணை மாத்தினா இன்னொண்ணும் மாறுமுங்களா?

சில ஜோடிகளில் மாறும். விஎம்.டர்ட்டி_பைட்ஸ் எழுதினால் விஎம்.டர்ட்டி_ரேஷியோ 0 ஆகிவிடும், மறுபக்கமும் அப்படியே, டிஸ்கில் எழுதக் காத்திருக்கும் தரவின் ஒரே வரம்பைச் சொல்லும் இரண்டு வழிகள் அவை. இரண்டையும் சேமித்து வைத்து "பழையபடி திருப்பி வை" என்று வரிசையாக எழுதும் ஸ்கிரிப்ட் இங்கே தவறிவிடும். திருப்பி வைக்கவே முடியாதவையும் உண்டு: கெர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்ட் (மாட்யூல் ஏற்றுவதைத் தடுப்பது) மதிப்பை 1 ஆக்கினால் மறுபடி பூட் செய்யும்வரை 0 ஆக்க முடியாது, கெஎக்செக்_லோட்_டிசேபிள்டும் அதே மாதிரி. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நாங்க கத்துக்கிறவங்க. ஓடுற சர்வரைத் தொடாம சோதிக்க வழி இருக்குங்களா?

நெட் பிரிவுக்கு சுடோ அன்ஷேர் --நெட் என்று தட்டுங்கள், தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் ஒரு ஷெல் கிடைக்கும். அங்கே சோமேக்ஸ்கானை எழுதி, இன்னொரு டெர்மினலில் வெளியே உள்ள மதிப்பைப் படித்துப் பாருங்கள், அது மாறியிருக்காது. அதற்குள் விஎம் பிரிவை மட்டும் தொடாதீர்கள், அது உங்கள் நிஜக் கணினியையே மாற்றும். விஎம், கெர்னல் பிரிவுகளுக்கு ஒரு வர்ச்சுவல் மெஷின் போட்டு, முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.